‘தி ரயில்வே மேன்’: மனக்காயம் ஆறும் வழி

எலும்பு கூடியிருக்கும், தையல் பிரித்தாகியிருக்கும், இரத்தப் பரிசோதனைகள் யாவும் இயல்பு நிலையைக் காட்டும். ஆயினும் அவர் உறங்குவதில்லை. நள்ளிரவில் வியர்த்து எழுந்து அமர்கிறார். கதவு ஓசையுடன் மூடினால் திடுக்கிடுகிறார். விபத்து நடந்த சாலையின் பெயரைச் சொன்னாலே எழுந்து வேறு அறைக்குச் சென்றுவிடுகிறார். “உடம்பு தேறிவிட்டது டாக்டர், ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை” என்று குடும்பத்தினர் எங்களிடம் கூறுவதுண்டு. இந்த நிலையை விளக்குவதற்கு எங்களுக்குப் பெரிதும் துணைபுரியும் ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொண்டு, மனக்காயம் என்றால் என்ன, அது எவ்வாறு ஆறுகிறது, அதில் குடும்பத்தின் பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

2013-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ரயில்வே மேன்’ என்னும் ஆங்கிலப் படமே அது. இயக்கியவர் ஜொனாதன் டெப்லிட்ஸ்கி. காலின் ஃபர்த், நிக்கோல் கிட்மன், ஹிரோயுகி சனாடா ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். எரிக் லோமக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1995-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலே இப்படத்துக்கு அடிப்படை.

எரிக் லோமக்ஸுக்கு நேர்ந்தது

லோமக்ஸ் 1919-இல் எடின்பரோ நகரில் பிறந்தவர். சிறுவயது முதலே ரயில் வண்டிகளின்மீது தீராத ஆர்வம் கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் இளம் அதிகாரியாகப் பணியாற்றினார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தபோது போர்க்கைதியானார்.

அப்போது ஜப்பானிய இராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதையைக் காட்டையும் மலையையும் வெட்டி அமைத்துக்கொண்டிருந்தது. 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். பசி, மலேரியா, காலரா, அடி உதை ஆகியவற்றால் அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயிலை நேசித்த லோமக்ஸ் காஞ்சனபுரி முகாமில் அந்த ரயில் பாதைப் பணிக்கே அனுப்பப்பட்டார்.

முகாமில் சில கைதிகள் வெளியுலகச் செய்திகளைக் கேட்பதற்காக ஒரு வானொலிப் பெட்டியை மறைவாக உருவாக்கினர். லோமக்ஸ் ஒரு வரைபடத்தையும் வரைந்து வைத்திருந்தார். 1943-இல் இவை பிடிபட்டன. கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். இரு அதிகாரிகள் உயிரிழந்தனர். லோமக்ஸின் கைகள் முறிந்தன. பின்னர் இராணுவக் காவல்துறையினர் அவரை நாள்கணக்கில் விசாரித்தனர். முகத்தில் நீரைப் பாய்ச்சி மூச்சுத் திணறச் செய்தனர். அந்த விசாரணை முழுவதிலும் கேள்விகளை ஆங்கிலத்தில் எடுத்துக் கூறிய இளம் மொழிபெயர்ப்பாளர் தகாஷி நாகாசே. அவர் கையால் அடித்தவர் அல்லர். ஆனால் லோமக்ஸின் நினைவில் அந்த வேதனை முழுவதும் அவருடைய குரலோடு பிணைந்துவிட்டது.

போர் முடிந்து 1945-இல் லோமக்ஸ் நாடு திரும்பினார். திருமணம் செய்துகொண்டார், பணியில் சேர்ந்தார், பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் விளங்கினார். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அவர் மீண்டுவிட்டவராகவே தோன்றியிருப்பார். வீட்டுக்குள்ளோ தீய கனவுகளும், திடீர்ச் சினமும், யாராலும் ஊடுருவ முடியாத மௌனமும் தொடர்ந்தன. முதல் திருமணம் முறிந்தது. 1980-இல் ரயில் பயணம் ஒன்றில் பாட்டி என்னும் பெண்மணியைச் சந்தித்து, பின்னர் அவரை மணந்தார். படம் தொடங்குவது இச்சந்திப்பிலிருந்துதான். முதல் மனைவியையும் பிள்ளைகளையும் படம் காட்டுவதில்லை. அவர்களும் பல ஆண்டுகள் அந்த மௌனத்தோடு வாழ்ந்தவர்கள் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நோயின் பெயரும் அடையாளங்களும்

லோமக்ஸ் பாட்டியைச் சந்தித்த அதே 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோயைத் தன் வகைப்பாட்டு நூலில் முதன்முறையாகத் தனிப்பெயரிட்டுச் சேர்த்தது. ஆங்கிலத்தில் சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்பர். தமிழில் இதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் எனலாம். உயிருக்கு ஆபத்தான நிகழ்வையோ, கொடிய வன்முறையையோ நேரில் அனுபவித்தவர்க்கும் கண்டவர்க்கும் இது ஏற்படலாம். இதன் அடையாளங்களை நான்கு வகையாகப் பிரித்து அறியலாம்.

முதலாவது, நிகழ்வு மீண்டும் மீண்டும் திரும்பி வருதல். இது சாதாரணமாக நினைவுகூர்வது அன்று. அந்த நொடியே மறுபடி நிகழ்வதுபோல் உடலும் மனமும் நடுங்கும். படத்தில் லோமக்ஸ் தன் வீட்டு அறையில் இருக்கும்போதே முகாமுக்கு இழுத்துச் செல்லப்படுவதாகக் காட்டும் காட்சிகள் இதனைத் தெளிவாக உணர்த்துகின்றன.

இரண்டாவது, தவிர்த்தல். நிகழ்வை நினைவூட்டும் இடம், பேச்சு, மனிதர், மணம், ஓசை ஆகிய அனைத்தையும் விட்டு விலகுதல். படத்தில் வரும் முன்னாள் கைதிகள் அடிக்கடி ஒன்றுகூடுகின்றனர். ஆயினும் தம்மை ஒன்றிணைத்த அந்தத் துன்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை.

மூன்றாவது, எண்ணமும் உணர்வும் மாறிப்போதல். “எல்லாம் என்னால்தான்”, “எவரையும் நம்ப முடியாது” என்பன போன்ற எண்ணங்கள் வேரூன்றும். அன்பானவர்களிடமும் ஒட்டுதல் குறையும். மகிழ்ச்சியை உணரும் ஆற்றல் மங்கும்.

நான்காவது, உடல் எப்போதும் விழிப்பு நிலையில் இருத்தல். உறக்கமின்மை, எளிதில் திடுக்கிடுதல், கவனம் சிதறுதல், காரணமின்றி எழும் சினம் ஆகியவை இதில் அடங்கும்.

பெரும் துன்பத்துக்குப் பின் சில நாள்கள் இவ்வாறு இருப்பது இயல்பே. பேரதிர்ச்சியைச் சந்திப்போரில் பெரும்பாலானோர் இந்நோய்க்கு ஆளாகாமலே மெல்ல மீண்டு விடுகின்றனர். இந்த அடையாளங்கள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் நோய் எனக் கருதுகிறோம். சிலரிடம் பல மாதங்கள் கழித்தும் இது வெளிப்படும்.

போர் வீரர்களுக்கு மட்டும் உரிய நோய் இது என எண்ண வேண்டாம். சாலை விபத்து, தீக்காயம், வெள்ளம், வீட்டு வன்முறை, பாலியல் வன்கொடுமை, சிக்கலான பிரசவம், மாரடைப்பு ஆகியவற்றுக்குப் பின்னும் வரக்கூடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியுடன் பல நாள்கள் இருந்தவர்களுக்கும் வரலாம். மயக்கமும் குழப்பமும் கலந்த அந்நிலையில், கைகள் கட்டப்பட்டதாகவும் தம்மைச் சுற்றியிருந்தோர் தம்மைக் கொல்ல முயன்றதாகவும் சிலருக்குத் துண்டு துண்டான நினைவுகள் தங்கிவிடுகின்றன. காப்பாற்றிய இடமே அச்சமூட்டும் இடமாக மாறிவிடுவதால், அவர்கள் மறுபரிசோதனைக்கு வருவதையே தவிர்ப்பர். வீட்டார் இதனைப் பிடிவாதம் என்று தவறாகப் புரிந்துகொள்வது வழக்கம்.

மூளையில் நிகழ்வது என்ன?

ஆபத்தை உணர்ந்தவுடன் எச்சரிக்கை மணி அடிப்பது மூளையின் ஆழத்தில் வாதுமைக் கொட்டை வடிவில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி. நடந்ததை இடம், காலம், வரிசை ஆகியவற்றோடு கோத்து நினைவாக்குவதில் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதிக்கு முக்கியப் பங்குண்டு. “இப்போது ஆபத்து இல்லை, அமைதியாக இரு” என்று மணியை நிறுத்த உதவுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி.

தாங்கவியலாத பேரச்சத்தில் இந்த ஒத்துழைப்பு குலைகிறது. நிகழ்வு ஒழுங்கான கதையாகப் பதிவாகாமல், ஒரு குரல், ஒரு மணம், ஒரு வலி என்று சிதறல்களாகப் பதிவாகிறது. அவற்றில் ‘இது முடிந்துபோனது’ என்ற காலக்குறிப்பு வலுவாக இருப்பதில்லை. எனவே அதே குரலோ மணமோ எதிர்ப்பட்டால், மூளை அதனை இன்றைய ஆபத்தாகவே எடுத்துக்கொண்டு மணியை அடிக்கிறது. இதயம் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, உடல் ஓடவோ தாக்கவோ ஆயத்தமாகிறது. நாகாசேயின் குரல் லோமக்ஸைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்ததை இவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும். இது கோழைத்தனமும் அன்று; மனவலிமைக் குறைவும் அன்று. போர்க்களத்தையும் சித்திரவதையையும் தாங்கிய மனிதரைக் கோழை என யார் கூற முடியும்?

கேட்பாரற்றுப் போனவர்கள்

இந்த ரயில் பாதைக்கும் தமிழர்க்கும் ஆழமான தொடர்பு உண்டு. அங்கே போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் வேலை வாங்கப்பட்டனர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் ஆகியோருடன், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களும் பல்லாயிரவர். கூலியும் உணவும் தருவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டோரும், வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரும் அவர்களில் உண்டு. மருத்துவ வசதி ஏதுமின்றி அவர்கள் கூட்டம் கூட்டமாக இறந்தனர். மலேசியத் தமிழர்கள் இன்றும் அதனைச் ‘சயாம் மரண ரயில்’ என்றே குறிப்பிடுகின்றனர்.

போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. இத்தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை. உயிருடன் திரும்பியவர்கள் தோட்டத்து வேலையில் மறுபடி சேர்ந்தனர். அவர்களது இரவுகள் எவ்வாறு கழிந்தன என்று கேட்ட மருத்துவர் இலர். ‘தி ரயில்வே மேன்’ படமும் இவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இதனை இங்குக் குறிப்பிடுவதற்கு மருத்துவக் காரணம் ஒன்று உண்டு. சொல்லப்படாத துன்பம் சொல்லப்படாததால் மறைந்துவிடுவதில்லை. அது குடியாகவும், அடியாகவும், பேச்சற்ற தந்தையாகவும் அடுத்த தலைமுறையின் வீட்டுக்குள் நுழைகிறது. நம் குடும்பங்களில் “தாத்தா அப்படித்தான், யாரிடமும் பேசமாட்டார்” என்று ஒதுக்கிவைத்த முதியவர்களுள் எத்தனை பேர் இத்தகைய காயத்தைச் சுமந்தனரோ!

மீட்சி எங்கே தொடங்கியது?

படத்தில், கணவரின் அலறலைக் கண்ட பாட்டி அவருடைய பழைய தோழரிடம் சென்று நடந்ததைக் கூறும்படி வற்புறுத்துகிறார். பின்னர் நாகாசே உயிருடன் இருப்பதை அறிந்த லோமக்ஸ், கத்தியுடன் தனியாகத் தாய்லாந்துக்குச் செல்கிறார். பழைய விசாரணை அறையில் அவரை எதிர்கொள்கிறார். கொல்லும் நிலைக்கு வந்து, கொல்லாமல் விடுகிறார். காட்சி வலிமையானது. ஆனால் உண்மையில் நடந்தது வேறு. நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்துகொள்ள வேண்டியது அந்த உண்மையையே.

லண்டனில் 1985-இல் சித்திரவதைக்கு ஆளானோர்க்கென ஒரு மருத்துவ அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதனை நிறுவிய ஹெலன் பாம்பர், போர் முடிந்த 1945-இல் தம் இருபதாம் வயதில் பெர்கன் பெல்சன் வதைமுகாமில் தப்பியவர்களிடையே தொண்டாற்றியவர். லோமக்ஸ் பாட்டியின் துணையுடன் அங்கே உதவி பெறத் தொடங்கினார். அங்கே அவருக்கு முதலில் கிடைத்தது அவசரமில்லாத காது. விசாரணையில் கேள்விகளாலேயே வதைக்கப்பட்ட மனிதர்க்கு, எந்தக் கேள்வியும் அச்சுறுத்தலாகவே ஒலிக்கும். அத்தகையவரைத் துருவித் துருவிக் கேட்பது மருத்துவமாகாது. அவர் தம் வேகத்தில் சொல்லவும், நிறுத்தவும், மறுநாள் தொடரவும் உரிமை பெற்ற இடத்தில்தான் சிதறிய நினைவுகள் ஒரு கதையாகக் கோக்கப்படுகின்றன. அக்கதைக்குத் தொடக்கமும் முடிவும் கிடைக்கின்றன. ‘அது அப்போது, இது இப்போது’ என்று மூளை பிரித்தறியத் தொடங்குகிறது.

இன்று நாம் அளிக்கும் சிகிச்சைகளின் அடிப்படையும் இதுவே. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், பயிற்சி பெற்ற உளவியலாளர் பாதுகாப்பான சூழலில் நோயாளியைத் தவிர்த்துவந்த நினைவுகளையும் இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வார்; குற்ற உணர்வு போன்ற தவறான முடிவுகளைச் சீர்தூக்கிப் பார்க்க உதவுவார். பெரும்பாலும் இது வாரம் ஒருமுறையாக 8 முதல் 15 அமர்வுகள் வரை நடைபெறும்; சிலருக்குக் கூடுதலாகவும் தேவைப்படும். கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்னும் முறையும் பயனளிப்பதாக ஏற்கப்பட்டுள்ளது.

செர்ட்ராலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்ற மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. அவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். “இரண்டு நாள் சாப்பிட்டும் ஒன்றும் தெரியவில்லை” என்று நிறுத்திவிடுவதும், சற்று நலமானவுடன் தாமாகவே கைவிடுவதும் தவறு. தூக்க மாத்திரைகளையும் மதுவையும் நாடுவது கேடு. அவை அந்த இரவை மட்டும் கடத்தும். அடிமைப்படுத்தி, மீட்சியைத் தள்ளிப்போடும்.

மன்னிப்பு வந்த வழி

1989-இல் முன்னாள் கைதி ஒருவர் வாயிலாக லோமக்ஸுக்கு ஒரு செய்தித்தாள் நறுக்குக் கிடைத்தது. அதில் நாகாசேயைப் பற்றிய செய்தி இருந்தது. போர் முடிந்தவுடன், இறந்த கைதிகளின் புதைகுழிகளைத் தேடிச் சென்ற நேசநாட்டுக் குழுவுக்கு நாகாசே மொழிபெயர்ப்பாளராகச் சென்றிருந்தார். அங்கே கண்டவை அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டின. அவர் மீண்டும் மீண்டும் காஞ்சனபுரிக்குச் சென்றார். அங்கே அமைதி வேண்டி ஒரு பௌத்த வழிபாட்டிடம் அமைத்தார். தம் அனுபவத்தை நூலாகவும் எழுதினார்.

அந்நூலைப் படித்த பாட்டி நாகாசேக்குக் கடிதம் எழுதினார். லோமக்ஸ் உடனே உருகிவிடவில்லை. நாகாசே தம்மை நியாயப்படுத்தாமல் எழுதிய பதில் கடிதமே அவரது உள்ளத்தைச் சற்று அசைத்தது. கடிதங்கள் தொடர்ந்தன. 1993-இல், கைதானதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், இருவரும் காஞ்சனபுரியில் சந்தித்தனர். பாட்டி உடனிருந்தார். நாகாசே நடுங்கியவாறு மன்னிப்புக் கோரினார். அந்த நாளிலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. பின்னர் ஜப்பானில்தான், தாம் முழுமையாக மன்னித்துவிட்டதை லோமக்ஸ் எழுத்தில் அவரிடம் அளித்தார். நாகாசே 2011-இல் இறக்கும்வரை இருவரும் நண்பர்களாக இருந்தனர். லோமக்ஸ் 2012 அக்டோபரில், படம் வெளிவருமுன், தம் 93-ஆம் வயதில் காலமானார்.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆபத்து முற்றிலும் நீங்கியிருந்தது. லோமக்ஸ் முதலில் சிகிச்சை பெற்றார். தம் கதையைச் சொல்லும் வலிமை அடைந்தார். தவறு செய்தவர் அதனை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். சந்திப்பதா வேண்டாமா என்ற முடிவு பாதிக்கப்பட்டவரின் கையிலேயே இருந்தது. இவ்வளவும் கூடிய பிறகே மன்னிப்பு வந்தது. மன்னித்ததால் அவர் குணமானார் என்பதைவிட, ஓரளவு குணமானதால் மன்னிக்க அவரால் இயன்றது என்பதே பொருத்தம்.

இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் சமாதானம் மிக விரைவாகக் கோரப்படுகிறது. கணவனிடம் அடிபட்டுக் காயத்துடன் மருத்துவமனைக்கு வந்த பெண்ணிடம், கட்டு உலர்வதற்குள் “போனது போகட்டும், மன்னித்துவிட்டு வீட்டுக்கு வா” என்கின்றனர் உறவினர். குடிபோதையில் வண்டி ஓட்டி ஒருவரின் காலைப் பறித்தவரின் குடும்பத்தார், வார்டுக்கே வந்து “பெரிய மனசு பண்ணுங்கள்” என்று கைகூப்புகின்றனர். சிறுவயதில் தீங்கிழைத்த உறவினரை விருந்தில் வணங்குமாறு வளர்ந்த பெண்ணைப் பணிக்கின்றனர். இங்கே ஆபத்து நீங்கவில்லை, குற்றம் ஒப்புக்கொள்ளப்படவில்லை, பாதிக்கப்பட்டவரை எவரும் கேட்கவுமில்லை. இத்தகைய சமாதானம் காயத்தின்மீது அழுக்குத் துணியைச் சுற்றுவதற்கு ஒப்பாகும். வெளியே தெரியாது, உள்ளே சீழ் வைக்கும்.

மன்னிப்பு உயர்ந்த பண்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அது மருந்துச் சீட்டில் எழுதித் தரக்கூடியது அன்று. மன்னிக்காமலே முழுமையாக நலம் பெறுவோரும் உண்டு. அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். மன்னித்தாலும் உறவைப் புதுப்பிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சட்டப்படியான நடவடிக்கையைக் கைவிட வேண்டும் என்பதும் இல்லை.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

பாட்டி மனநல மருத்துவர் அல்லர். எனினும் நோயைப் பெயரிட்டு அறிய முயன்றார். உரிய உதவியைத் தேடினார். சிகிச்சையிலும் சந்திப்பிலும் உடனிருந்தார். நம்மாலும் இயல்வன பல உள்ளன.

1. “மறந்துவிடு”, “உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள்” என்று கூறாதீர்கள். “உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல், நான் இருக்கிறேன்” என்று கூறுங்கள். அவர் பேசும்போது இடைமறிக்காமல் கேளுங்கள். தீர்வு சொல்ல வேண்டும் என்பதில்லை.

2. நடந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தாதீர்கள். வருகின்ற உறவினர் ஒவ்வொருவரிடமும் விபத்தை முதலிலிருந்து சொல்லவைப்பது நம் வழக்கம். அதனைக் கனிவுடன் தடுங்கள்.

3. தீய கனவில் அலறுபவரைத் தொட்டு உலுக்கி எழுப்பாதீர்கள். அவர் உங்களையே எதிரியாகக் கருதித் தாக்கக்கூடும். சற்றுத் தள்ளி நின்று, விளக்கை ஏற்றி, மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழையுங்கள். “நீங்கள் நம் வீட்டில் இருக்கிறீர்கள், நான் உங்கள் மனைவி” என்பது போன்று இடத்தையும் ஆளையும் கூறுங்கள்.

4. விழித்திருக்கும்போதே பழைய நினைவில் அமிழ்ந்துவிட்டால், கால்களைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். கண்முன் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரைக் கையில் கொடுங்கள். மூச்சை மெதுவாக வெளிவிடச் செய்யுங்கள்.

5. எந்த ஓசை, இடம், நாள் அவரைத் துன்புறுத்துகிறது எனக் குறித்து வையுங்கள். சிகிச்சைக்கு அது பெரிதும் பயன்படும். பட்டாசு வெடிக்கும் பண்டிகை நாள்களையும், நிகழ்வு நடந்த ஆண்டு நாளையும் முன்கூட்டியே எண்ணிப்பார்த்து ஆயத்தமாகுங்கள்.

6. அவருடைய சினம் பெரும்பாலும் உங்கள்மீது எழுந்ததன்று. ஆயினும் அடிதடியைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் பாதுகாப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும் முதன்மையானவை. நோயை அதற்குச் சாக்காகக் கொள்ளலாகாது.

7. பராமரிப்பவரும் களைத்துப்போவர். உறக்கம், உணவு, பேசுவதற்கு ஒரு துணை ஆகியவை உங்களுக்கும் வேண்டும். உங்களுக்கு உறக்கமின்மையோ மனச்சோர்வோ ஏற்பட்டால் அதனையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் இருக்கும் நாள்களில் வீட்டார் சிறு குறிப்பேடு ஒன்றை எழுதி வரலாம். இன்று என்ன நடந்தது, யார் வந்தனர், எந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டது என்று ஓரிரு வரிகள் போதும். பின்னாளில் நோயாளி அதனைப் படிக்கும்போது, குழப்பமான நினைவுகளின் இடைவெளியை உண்மையால் நிரப்பிக்கொள்ள அது உதவும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

முன்னர்க் கூறிய அடையாளங்கள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், அதற்கு முன்பே வேலை, படிப்பு, உறவு ஆகியவற்றைக் குலைத்தாலும் மனநல மருத்துவரை அணுகுங்கள். அறுவைச் சிகிச்சைக்கோ பிற நோய்க்கோ மறுபரிசோதனைக்கு வரும்போது, “இரவில் உறங்குவதில்லை” என்ற ஒரு வரியை எங்களிடம் சொன்னாலும் போதும். உரிய துறைக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு.

வாழ்வதில் பயனில்லை என்ற பேச்சோ, தம்மை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தென்பட்டால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இப்படத்தைப் பார்க்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. சித்திரவதைக் காட்சிகளும், முன்னாள் கைதி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சியும் இதில் உள்ளன. சிகிச்சையின் தொடக்கத்தில் உள்ளவர்கள் இப்போது பார்க்க வேண்டாம். பின்னர்ப் பார்ப்பதாயினும் பகலில், துணையுடன் பாருங்கள்; மனம் கலங்கினால் நிறுத்திவிடுங்கள். பராமரிப்போர் பார்ப்பின், லோமக்ஸை மட்டுமன்றிப் பாட்டியையும் கவனித்துப் பாருங்கள்.

லோமக்ஸ் உதவி நாடியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. நாற்பது ஆண்டுகளாக ஆறாமல் இருந்த காயம் அதன்பின் ஆறத் தொடங்கியது. அவர் அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்ததற்கு, அந்நாளில் நோய்க்குப் பெயரும் இல்லை, செல்வதற்கு இடமும் இல்லை என்பதே காரணம். இன்று இரண்டும் உள்ளன. உங்கள் வீட்டில் ஒருவர் உறங்காதிருந்தால், அடுத்த முறை வரும்போது அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.